குரல் ஏறாத அலை

அவன்தான். முதல் "கரை"யிலேயே தெரிந்துவிட்டது. "கரை… கரை… சலேத்து மாதா கூப்புடுதேன்… கேக்குதா கரை…" என் கை தன்பாட்டுக்குப் பேனாவை எடுத்து நோட்டில் 2.10 என்று எழுதிவிட்டது. ஆறு வருஷம் இந்த வயர்லெஸ் அறையில் உட்கார்ந்த பழக்கம், கைக்கு மானம் ரோஷம் எதுவும் கிடையாது, யார் கூப்பிட்டாலும் நேரத்தை எழுதும். "பின்னாடி பலகை பிளந்து தண்ணி ஏறுது. இன்ஜின் நின்னுட்டு. எட்டு நாப்பது, எழுவத்தெட்டு முப்பது. கரை, கேக்குதா?" அதையும் எழுதிற்று. எட்டு நாற்பது, எழுபத்தெட்டு முப்பது, நடுக்கடலில் அவன் நிற்கும் இடம், எண் சுத்தமாக விழுந்திருக்கிறது, மூன்றில் ஒரு சுழி கூட நடுங்கவில்லை. மைக் கொக்கியில் தொங்குகிறது. கையை நீட்டினால் எட்டும். நான் நீட்டவில்லை. கேக்குதா என்று கேட்கிறான், கேட்காமல் என்ன, மூச்சு வாங்குவது வரைக்கும் கேட்கிறது. சங்கச் செயலாளர் மச்சாது சார் சாப்பிடப் போயிருக்கிறார், சாப்பிட்டால் ஒரு கண் அயராமல் வரமாட்டார், மூன்று மணி ஆகும். அறையில் நானும் செட்டும் மேலே லொடலொடக்கிற ஃபேனும்தான். வெளியே ஏலம் முடிந்து துறைமுகம் காலியாகக் கிடக்கிறது, வெயில் ஐஸ் பெட்டிகளின் மேல் விழுந்து ஆவி பறக்கிறது. மற்ற லாஞ்சுகள் எல்லாம் தெற்கே கிடக்கின்றன, அவன் ஒருத்தன்தான் வடக்கே போனவன், யாரும் போகாத பக்கம் போய் யாருக்கும் தெரியாமல் அள்ளிக்கொண்டு வருகிறவன். பேட்டரி செத்துக்கொண்டிருக்கிறது, அந்தத் தீனக் குரல் இன்னொரு லாஞ்சுக்குப் போய்ச் சேராது. நம் எண்பதடி ஏரியல் கம்பத்துக்கு மட்டும்தான் எட்டும், கம்பத்தின் அடியில் இருக்கிற எனக்கு மட்டும்தான்.

கிளீட்டஸ் அண்ணன் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன் ஒரு காலத்தில். என் புருஷன் ததேயுவை விட வயதில் மூத்தவன், இரண்டு பேரும் ஒரே லாஞ்சில் வலை இழுத்துத்தான் டிரைவர் ஆனார்கள், எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் இவன்தான், வெள்ளைச் சட்டையில் பொத்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு பல்லைக் காட்டி நிற்கிற படம் இன்னும் ஆல்பத்தில் இருக்கிறது. பதினொரு மாதமாக அண்ணன் என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை. "சொல்லுங்க சலேத்து மாதா" என்று மட்டும் சொல்வேன், படகின் பேரைச் சொல்லி, மனுஷன் பேரைச் சொல்லாமல். அவனும் ஒரு நாள் கூட ஏன் என்று கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை? கேட்டால் நான் சொல்லிவிடுவேன் என்று தெரியும். மறுபடியும் கூப்பிடுகிறான். குரலில் இன்று அந்த ஙீ இல்லை. அதுதான் விசித்திரமாக இருக்கிறது, அவன் குரலை நான் ஙீ இல்லாமல் கேட்டதே இல்லை. ஒவ்வொரு லாஞ்சின் டைனமோவும் செட்டுக்குள் கொஞ்சம் கசியும், பேச்சுக்கு அடியில் ஒரு ரீங்காரமாக ஓடும், பெல்ட்டுக்குப் பெல்ட் அது மாறும். ததேயுவின் லாஞ்சு இம்மானுவேல் ஒரே சீராகப் பாடும். சலேத்து மாதாவின் பெல்ட் தளர்ந்தது, ஙீ என்று ஏறி ஒரு விக்கல் விக்கி மறுபடி ஏறும். டிரைவர் வாயைத் திறக்கும் முன்னே யார் படகு என்று எழுதிவிடுவேன், மச்சாது சார் பார்த்துவிட்டு "ஏ தாயி, மந்திரம் கிந்திரம் படிச்சிருக்கியா" என்பார். மந்திரம் இல்லை சார், பாலிடெக்னிக்கில் டிப்ளமோ, அதிலும் இந்தப் பாடத்தில்தான் ஒரு தடவை கோட்டைவிட்டு மறுபடி எழுதினேன்.

பத்து மதிப்பெண் கேள்வி. பண்பேற்றம் என்றால் என்ன, படத்துடன் விளக்குக. நான்கு பக்கம் எழுதினேன். குரல் தானாகக் கடலைத் தாண்டாது, அதற்கு ஒரு சுமக்கிற அலை வேண்டும், கேரியர். அந்த அலை வெறுமனே ஓடும், அதற்கென்று ஒரு செய்தியும் கிடையாது, அதன் மேல் குரலை ஏற்றிவிட வேண்டும். போய்ச் சேருகிற இடத்தில் இன்னொரு செட் அலையைக் கழித்துக் குரலை இறக்கி எடுத்துக்கொள்ளும். ஏற்றுவது, இறக்குவது, அவ்வளவுதான் சங்கதி, துறைமுகத்தில் பிறந்தவளுக்கு இதைச் சொல்லியா தரவேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழுதினேன். பிறகு ஏ.எம்., எஃப்.எம். ஒப்பிடுக. எங்கள் வீட்டு ரேடியோவில் பொழுது சாய்ந்தால் இரண்டு நிலையம் ஒன்றாக விழும், இங்கே ஒருவர் விவசாயம் பேசுவார், அடியில் இன்னொருவர் வேறு பாஷையில் பாடுவார், நடுவே கீச்சென்று விசில். அது ஏ.எம். எஃப்.எம்மில் அந்த ரகளையே இல்லை. ஒரே சானலில் இரண்டு பேர் பேசினால் பலமாக வருகிறவன் குரல் மட்டும் விழும், மற்றவன் இருந்த தடமே இல்லாமல் போய்விடுவான். இதை நான் நன்மைகள் என்ற தலைப்புக்குக் கீழே எழுதினேன். முழு மதிப்பெண் போட்டார்கள். லாஞ்சு செட்டுகள் எல்லாம் எஃப்.எம். சும்மா பழைய ஏ.எம்மாக இருந்திருந்தால் அன்றைக்கு ததேயுவின் குரல் அடியிலாவது கேட்டிருக்கும், விசிலுக்கும் ஙீக்கும் நடுவில் டெல்பின் என்று என் பேராவது விழுந்திருக்கும், நான் பிடித்திருப்பேன், சத்தியமாகப் பிடித்திருப்பேன்.

"கரை, யாரு இருக்கியோ? மச்சாது? தங்கச்சி?" தங்கச்சியாம். 2.13. தங்கச்சியின் தாலி அன்றைக்கு எங்கே போயிற்று? இந்த ஊரில் ஒரு ஈனப் பழக்கம் இருக்கிறது, எல்லோரும் செய்வதால் ஈனம் என்று யாரும் சொல்வதில்லை. ஒருத்தன் மீன் கூட்டத்தைக் கண்டுவிட்டால் பக்கத்தில் போகிறவன் பார்த்து மற்ற லாஞ்சுகளுக்குச் சொல்லிவிடக் கூடாது. அதற்கு என்ன செய்வார்கள் என்றால் மைக்கின் பொத்தானை அமுக்கிப் பிடிப்பார்கள். பேசமாட்டார்கள், வெறுமனே அமுக்குவார்கள். கேரியர் மட்டும் போகும், குரல் ஏறாத வெற்று அலை, அதன் பலத்தில் மற்றவன் பேச்செல்லாம் அழிந்துவிடும். வாயை அடைக்கிறது என்று இதற்குப் பேர், சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள், ததேயுவே சிரித்திருக்கிறான், அவனும் ஒன்றிரண்டு தடவை செய்திருப்பான், அதையும் சொல்லத்தான் வேண்டும். கை வலிக்கும் என்று சைக்கிள் டியூப்பை வளையமாக வெட்டி மைக்கில் மாட்டிவிட்டு மீன் அள்ளப் போய்விடுவார்கள். அன்று வெள்ளிக்கிழமை, காலை பத்தேகால். கரகரவென்று இரைந்துகொண்டிருந்த செட் பட்டென்று அமைதியாயிற்று. தெரியாதவர்கள் செட் செத்துவிட்டது என்பார்கள், எனக்குத் தெரியும், இரைச்சல் நின்றால் எங்கேயோ ஒருத்தன் அமுக்குகிறான். காதை வைத்தேன். ஙீ, ஒரு விக்கல், மறுபடி ஙீ. சரி, கிளீட்டஸ் அண்ணனுக்குக் கணவாய் மீன் மாட்டிவிட்டது என்று சிரித்துக்கொண்டு, ஆமாம், சிரித்துக்கொண்டுதான், ஃபிளாஸ்க்கில் இருந்து டீ ஊற்றிக் குடித்தேன். இருபத்திரண்டு நிமிஷம் அந்த ஙீ மட்டும்தான். அந்த டீயை நான் குடித்த நேரத்தில்தான் இம்மானுவேலின் அடிப்பக்கம் திறந்திருக்கிறது. நீந்திப் பிழைத்தவன் சிலுவை ஒருத்தன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து உப்பில் வெடித்த உதட்டோடு சொன்னான், "அண்ணன் கூப்ட்டுட்டே இருந்தாவ மைனி. செட்டுக்கு மேல தண்ணி வார வரைக்கும் ஒங்க பேரச் சொல்லிக் கூப்ட்டாவ."

சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். கறுப்புச் சேலையோடு, முப்பதாம் நாள் பூசைக்கு மறுநாள். அது சலேத்து மாதாவின் அலை, எனக்குத் தெரியும் என்றேன். ஒருவர் எழுந்து, "பேச்சே இல்லாத சத்தத்த வச்சி யாருன்னு எப்படிம்மா அடையாளம் சொல்லுவ?" என்றார், இரக்கமாகத்தான் கேட்டார், அந்த இரக்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கிளீட்டஸ் எழுந்தான். "எஞ்செட்டு அன்னைக்கு அணைச்சே கெடந்துச்சு. மாதா மேல சத்தியம்" என்றான். என்னைப் பார்க்கவில்லை, மேசை மேல் இருந்த மாலையைப் பார்த்துச் சொன்னான். இயற்கைச் சீற்றம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை காற்று எங்கே அடித்தது, கடல் பாய் விரித்த மாதிரிக் கிடந்தது, இயற்கையாம் சீற்றமாம். ததேயு கரை ஒதுங்கி, பெட்டியைத் தூக்கும்போது முன்பக்கம் இடது தோள் கொடுத்தவன் இவன். கல்லறை வரைக்கும் தோள் மாற்றவில்லை. அந்தத் தோளைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தேன். அன்றிலிருந்து எத்தனை விதமாக இவனைக் கொன்றிருக்கிறேன். பாத்திரம் தேய்க்கும்போது கொன்றிருக்கிறேன், ஜெபமாலையின் நடுவே மங்கள வார்த்தைக்கும் மங்கள வார்த்தைக்கும் இடையில் கொன்றிருக்கிறேன். எல்லாவற்றிலும் கடைசியில் தண்ணீர்தான் வரும், கத்துவான், யாரும் கேட்கமாட்டார்கள், அந்த இடத்தில் நிறுத்தி மறுபடி முதலில் இருந்து ஓட்டுவேன். இப்போது நான் ஓட்டாமலே ஓடுகிறது.

2.14. சும்மா இருந்தால் போதுமா? போதாது. தற்செயலாக எவனாவது ஒருத்தன் வடக்கே ஏறி வந்தால் கேட்டுவிடுவான். கொக்கியில் இருந்து மைக்கை எடுத்தேன். எடுத்தது நான்தான், கையின் மேல் பழி போடமாட்டேன். கட்டைவிரலை வைத்து அமுக்கினேன். சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் பேசவில்லை. கரைச் செட்டின் இருபத்தைந்து வாட்டும் குரலே இல்லாமல் கம்பத்தில் ஏறிக் கடல் மேல் விரிகிறது. இனி சாகப்போகிற பேட்டரியோடு அவன் எவ்வளவு கத்தினாலும் அது எவன் செட்டிலும் இறங்காது. என்ன சுகம். பொய் சொல்வானேன், சுகமாக இருந்தது, காய்ச்சல் விட்டு வேர்க்கிறபோது வருகிற சுகம். இருபத்திரண்டு நிமிஷம், ஒன்று கூடவும் இல்லை குறையவும் இல்லை, 2.36 வரைக்கும். சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யார் கண்டுபிடிப்பார்கள்? பேச்சே இல்லாத சத்தத்தை வைத்து யாருன்னு எப்படிம்மா அடையாளம் சொல்லுவ? கட்டைவிரல் வேர்த்து வழுக்கியது, மாற்றி மற்ற விரலால் அமுக்கினேன். அந்தப் படகில் ஏழு பேர் வேறு இருக்கிறார்கள். இருக்கட்டும், இம்மானுவேலில் இல்லாத ஆட்களா? அந்த ஏழில் ஒருத்தன் சிலுவை. இரண்டு மாதம் முன்னால் இவனிடம் வேலைக்குச் சேர்ந்தான், "வேற யாரும் ராசியில்லாதவன்னு ஏத்த மாட்டேங்காவ மைனி" என்று வாசலில் வந்து நின்று சொன்னான், கதவைச் சாத்திவிட்டேன். அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை. துரோகி. மைனி மைனி என்று நாக்கு ஒட்டிக்கொள்ளக் கூப்பிடுகிற துரோகி, கட்டிலில் உட்கார்ந்து வெடித்த உதட்டோடு, ஒங்க பேரச் சொல்லிக் கூப்ட்டாவ என்று, அந்த வார்த்தையை எனக்குக் கொண்டு வந்து சேர்த்தவன் அவன் ஒருத்தன்தான். 2.19. முள் நகரவே மாட்டேன் என்கிறது. ஃபேன் லொடக்கென்றது. ஏழு பேரை எண்ணாதே. எண்ணினால் விரல் கழன்றுவிடும்.

2.21. சுகம் போய்விட்டது. எங்கே போயிற்று என்று தேடினேன். ஒன்றுமே கேட்கவில்லை, அதுதான் காரணம். அமுக்கிப் பிடிக்கிறவனுக்கு எதுவும் கேட்காது, பேசும்போது செட்டின் காது அடைத்துக்கொள்ளும், பாலிடெக்னிக் வரைக்கும் போகவேண்டாம், துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவன் அங்கே கதறுவான், கெஞ்சுவான், மாதாவைக் கூப்பிடுவான், ஒன்றும் எனக்கு விழவில்லை. பதினொரு மாதமாக நான் ஆசைப்பட்டது இந்தச் செத்த அமைதிக்கா? அவன் குரல் உடைய வேண்டும், அதை நான் கேட்க வேண்டும், காதாரக் கேட்காமல் என்ன பழி அது. ஒரு வாய் கேட்டுவிட்டு மறுபடி அமுக்கிக்கொள்ளலாம். இரக்கப்பட்டு விடவில்லை, எனக்கு நானே நல்லவள் பட்டம் கட்டிக்கொள்ள மாட்டேன், கேட்கும் ஆசையில்தான் விட்டேன். 2.23க்கு விரலை எடுத்தேன். இரைச்சல் கரகரவென்று திரும்பி வந்தது. அதற்குள்ளிருந்து அவன். கத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசினான்.

"டெல்பினு… விட்டுட்டியா. நீதான்னு தெரியும். இரைச்சல் நின்னுச்சுல்லா, அப்பமே தெரிஞ்சுட்டு. தங்கச்சி, அன்னைக்கு நான்தான். டியூப்பை மாட்டிட்டு வலைகிட்டப் போயிட்டேன். அஞ்சு நிமிசத்துல கழட்டணும்னுதான் போனேன். மறந்துட்டேன். வேணும்னு செய்யல, மறந்துட்டேன். சத்தியம் பண்ணுனதுதான் பொய்யி. நீ என்னைய என்ன வேணும்னாலும் செய்யி, உனக்கு நியாயம் இருக்கு. பயலுவ என்ன செஞ்சானுவ? சிலுவைக்குக் கை வலை இழுக்குத வின்சுல மாட்டி ஒடிஞ்சு கெடக்கு. நீந்த மாட்டான். தங்கச்சி, கேக்குதா?"

மறந்துட்டேன். நான் அவனை எப்படியெல்லாம் நினைத்து வைத்திருந்தேன். ததேயு கூப்பிடுவது தெரிந்தே அமுக்கினான், ததேயு மேல் பொறாமை, இம்மானுவேல் அந்த வருஷம் நல்ல அறுவடை பார்த்தது, கல்யாணத்தில் கூட அவன் சிரிப்பு சரியில்லை, ஆல்பத்தை எடுத்து எடுத்துப் பார்த்து அந்தச் சிரிப்பில் குற்றம் கண்டுபிடித்திருக்கிறேன். கடைசியில் அடுப்பில் பால் வைத்ததை மறக்கிற மறதி. ததேயுவை ஒருத்தன் பகைத்துக் கொன்றான் என்றால் அதற்கு ஒரு எடையாவது இருக்கும். கணவாயைப் பார்த்த சந்தோஷத்தில் மறந்து கொன்றான் என்றால் நான் அதை எங்கே கொண்டு போய் வைப்பது? கோபம் கூடத்தான் செய்தது, குறையவில்லை, இப்போதும் குறையவில்லை. அவன் ஒப்புக்கொண்டான், கூட்டம் கூடி நூறு பேர் கேட்க வேண்டிய வார்த்தை, இந்த ஒரு செட்டில் இறங்கி, ஏற்கெனவே தெரிந்த என் ஒருத்தியின் காதில் விழுந்து, அதோடு தீர்ந்தது. கரையில் இன்னொரு உயிருக்குக் கேட்காது. நாளைக்கு நான் போய்ச் சொன்னால் அதே இரக்கத்தோடு என்னைப் பார்ப்பார்கள். இதையும் நீ ஜெயித்துவிட்டாய் கிளீட்டஸ். விரல் பொத்தான் மேல்தான் இருக்கிறது. அமுக்கினால் வெற்று அலை. அமுக்கிப் பேசினால் அதே அலை மேல் என் குரல் ஏறும். வித்தியாசம் வாயைத் திறப்பது மட்டும்தான். "கேக்குதா" என்று மறுபடி கேட்டான், பாதியில் பேட்டரி இழுத்துக்கொண்டது, பின்னால் யாரோ அம்மா என்று முனகுவது விழுந்தது, சிலுவையாக இருக்கலாம், வேறு எவனாகவும் இருக்கலாம், வலியில் எல்லாக் குரலும் ஒன்றுதான்.

"எல்லா லாஞ்சுக்கும் கரை பேசுது. சலேத்து மாதா தண்ணி ஏறி நிக்கு. எட்டு நாப்பது, எழுவத்தெட்டு முப்பது. எட்டு பேரு. ஒருத்தருக்குக் கை ஒடிஞ்சிருக்கு. யாரு கிட்ட இருக்கீங்க?" என் குரல்தான், வழக்கமான குரல், காலையில் காற்று நிலவரம் வாசிக்கிற அதே குரல். யாரோ என்னை இடித்துத் தள்ளிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதாக இருந்தது. மன்னித்துவிட்டேனா? இல்லை. அவன் கரை ஏறி வந்தால் முகத்தைப் பார்க்கமாட்டேன், தங்கச்சி என்றால் வாசலில் வைத்துச் செருப்பைக் கழற்றுவேன். ஆனால் வரட்டும், வந்து நிற்கட்டும், தண்ணீருக்கு அடியில் போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவது? பலம் குறைந்து, ஆனால் சுத்தமாக, ஒரு குரல் விழுந்தது. பெலிக்ஸ். தெற்கே கிடக்கிற லாஞ்சுகளில் வடக்கோரமாக நிற்கிறவன், ததேயுவின் சித்தப்பா மகன், கணக்குப் பார்த்துக் கடல் ஓட்டுகிறவன் என்று பேரெடுத்தவன். "கேக்குது மைனி, நான் போறேன். நாப்பது நிமிசத்துல தொட்டுருவேன்." இன்னும் இரண்டு பேர் நானும் நானும் என்றார்கள். இடத்தைத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். கிளீட்டஸின் பேட்டரி செத்துவிட்டது, அதற்குப் பிறகு அவன் பக்கம் ஒன்றும் வரவில்லை.

நோட்டைப் பார்த்தேன். 2.10 என்று எழுதியிருக்கிறது. ஒரு கோடு இழுத்தால் பத்தை இருபத்தைந்தாக்கிவிடலாம், ஒன்றின் தலையில் ஒரு வளைவு, சுழியத்தின் மேல் அழுத்தி ஒரு ஐந்து. மச்சாது சாருக்கு எதுவும் தெரியப்போவதில்லை. கூப்பிட்ட உடனே சொன்னேன் என்று ஆகிவிடும், நாளைக்குப் பங்குச் சாமியார் பூசையில் என் பேரைச் சொல்வார், புருஷனைக் கடலுக்குக் கொடுத்தும் எட்டு உயிரைக் காப்பாற்றியவள் என்பார், பெண்டுகள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். எல்லாம் ஒரு கோட்டில் இருக்கிறது. பேனாவைக் கையில் எடுத்தும் விட்டேன். அப்போது செட் மறுபடி உயிர் பெற்றது.

"மைனி, பெலிக்ஸ் பேசுதேன். நீரோட்டம் இன்னைக்கு வடக்க பலமா இழுக்கு. இன்ஜின் நின்னதுனால அவ்விய அதோட போயிட்டே இருப்பாவ. எட்டு நாப்பது எப்பச் சொன்னாவ? கரெக்ட்டா நேரத்தச் சொல்லுங்க, அத வச்சித்தான் எங்க தேடணும்னு பாக்கணும்."

சொன்னேன். "ரெண்டு பத்து."

"ரெண்டு பத்தா? இப்ப ரெண்டு இருபத்தெட்டு ஆச்சே. நீங்க எங்கள ரெண்டு இருபத்தஞ்சுக்குத்தான கூப்ட்டிய? அதுவரைக்கும் செட்ட அணைச்சா போட்டிருந்திய? நெசமா ரெண்டு பத்துதானா மைனி? கால் மணி நேரம் மாறுனா ஆளு கெடைக்க மாட்டான்."

எல்லா லாஞ்சும் கேட்டுக்கொண்டிருக்கிறது. தெற்கே நிற்கிற அறுபது லாஞ்சின் டிரைவர்களும் செட்டுக்குப் பக்கத்தில் நிற்பார்கள், கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும், இரக்கமாகக் கேட்ட அந்த மனுஷனும். பொத்தானை அமுக்கினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு நொடி வெற்று அலைதான் போயிற்று, யாரோ அமுக்குகிறார்கள் என்று அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும். பதினொரு மாதம் கிளீட்டஸ் வாயில் வராத வார்த்தை எனக்கு இப்போதே வரவேண்டும், வந்தது.

"நெசமா ரெண்டு பத்து பெலிக்ஸ். எனக்கு அப்பமே கேட்டுச்சு. நான் பதில் சொல்லல. பொறவு ஒம்பது நிமிசம் மைக்க அமுக்கிப் பிடிச்சிருந்தேன். நான்தான். நீ ரெண்டு பத்துல இருந்து கணக்கு வச்சு ஓட்டு, சிலுவைக்கு நீந்த முடியாது" என்று சொல்லிவிட்டு விரலை எடுத்தேன்.